வந்து வந்து போகும் மின்கோளாறு: மோட்டார் சைக்கிளில் அதைத் தேடிப் பிடிக்கும் முறை

மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தியதும் நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டும் வண்டி, வீடு திரும்பும் வழியில் முதல் சிக்னலிலேயே அணைந்துவிடும். மோட்டார் சைக்கிளின் மின்கோளாறுகளில் ஆளை மிகவும் அலைக்கழிப்பது இந்த வகைதான். அடியோடு பழுதான ஒரு பாகத்தை எந்த நேரமும் சோதித்துப் பார்க்கலாம். வந்து வந்து போகும் கோளாறோ, நாம் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் நேரத்தில் இருப்பதில்லை. அதனால் பெரும்பாலோர் ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றத் தொடங்குகிறார்கள்: முதலில் பிளக், பிறகு பேட்டரி, அதற்கும் சரியாகாவிட்டால் பிளக்கின் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. கீழே சொல்லப்படுவது அதற்கு நேர் எதிரான முறை. கோளாறை நாம் நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியும் வரை ஒரு பாகத்தையும் வாங்கக் கூடாது. வரவழைத்துவிட்டால், பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் அப்போது நம் கை இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள்தான் இருக்கும்.

முதல் படி: ஸ்பேனருக்கு முன் பேனா

கோளாறு வரும் கணத்தில் எவையெல்லாம் சேர்ந்து அணைகின்றன, எவை அணையாமல் நிற்கின்றன என்பதுதான் முதல் தடயம். நியூட்ரல் விளக்கு, ஹாரன், மீட்டர், இன்ஜின் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டால், அவை அனைத்துக்கும் பொதுவான பாதையைத்தான் பார்க்க வேண்டும்: பேட்டரி முனைகள், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், பேட்டரியிலிருந்து உடலுக்கு வரும் எர்த் வயர். விளக்குகளும் ஹாரனும் இருக்க இன்ஜின் மட்டும் அணைந்தால், கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்க ஹேண்டிலில் இருக்கும் சுவிட்ச்), சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது), பல்சர் காயில் (பொறி வர வேண்டிய நேரத்தை உணர்த்துவது), சி.டி.ஐ. அல்லது ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று வட்டம் சுருங்குகிறது. ஒரு இண்டிகேட்டர் மட்டும் எரிந்தும் எரியாமலும் இருந்தால், அதன் ஹோல்டரையும் அதன் எர்த்தையும் தாண்டி எங்கும் போக வேண்டியதில்லை.

அடுத்து, சூழ்நிலை. மழையில் மட்டும் வருகிறதா, இன்ஜின் சூடேறி அரை மணி நேரம் கழித்து வருகிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போதா, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று ஒவ்வொரு முறையும் அன்றே குறித்து வையுங்கள். நான்கு முறை குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். நினைவை நம்பினால் கடைசியாக நடந்தது மட்டும்தான் மனதில் நிற்கும்.

இன்ஜின் எப்படி அணைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று நின்றால் மின்பாதையில் சந்தேகம் கொள்ளலாம். திக்கித் திணறி, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் வண்டி சிறிது தூரம் ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டால், வயரிங்கைப் பிரிக்காமல் தப்பித்தீர்கள்.

இரண்டாம் படி: கருவிகள்

நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு நீண்ட வயர்களுடன் இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஹேர் டிரையர், மின்முனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர், அந்த மாடலுக்கான வயரிங் படம் ஆகியவை போதும். வயர் நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒரு வண்டியில் எர்த்தாக இருக்கும் நிறம் இன்னொன்றில் உயிருள்ள வயராக இருக்கும். ஆகவே வயரிங் படம் இல்லாமல் நிறத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளை மூடிய ஷெட்டுக்குள் செய்யக் கூடாது.

மூன்றாம் படி: பேட்டரியும் அதன் முனைகளும்

வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திய பின் பேட்டரி முனைகளில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் அளவு சார்ஜ். 12-க்கு வந்துவிட்டால் ஏறத்தாழக் காலி. செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தப் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரியே சந்தேகத்துக்குரியது.

ஆனால் வந்து வந்து போகும் கோளாறில் பேட்டரியைவிட அதன் முனைகள்தான் அதிகம் குற்றவாளிகள். சிறிய பேட்டரிகளில் முனைத் துளைக்குக் கீழே ஒரு சதுர நட்டு தளர்வாக உட்கார்ந்திருக்கும். திருகை முடுக்கியதுபோல் தோன்றும். உள்ளே நட்டு சாய்ந்து நின்றதால் வயர் முனையிலுள்ள வளையம் அழுந்தியிருக்காது. மெக்கானிக்குகள் நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகுவது இதற்காகத்தான். எளிமையான, சரியான வைத்தியம் அது. ஃபாக் விளக்கு, கூடுதல் ஹாரன், ஜி.பி.எஸ். என்று பின்னால் பொருத்தியவற்றின் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வண்டியோடு வந்த வளையத்தை மட்டும் முதலில் மாட்டிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ் திருகில் இருக்கும் ஸ்பேனர் தவறிப்போய் சேஸிஸில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது.

நான்காம் படி: பீப் சத்தத்தை நம்பாமல், சுமையோடு அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலை) வைத்து வயரின் இரு முனைகளையும் தொட்டு, பீப் சத்தம் வந்தவுடன் ‘வயர் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது பரவலான தவறு. அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். பதினாறு செம்பு இழைகளில் பதினைந்து அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் அந்தச் சிறு மின்னோட்டம் தாராளமாகப் போகும், மீட்டரும் கூவும். அதே வயர் வழியாக ஹெட்லைட்டுக்கான மூன்று ஆம்பியர் போக வேண்டிவரும்போதுதான் அதன் உண்மை நிலை வெளிப்படும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். செல்ஃப் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதையில் எங்கோ ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை கூடிவிட்டால், அந்த ஓர் இடத்திலேயே 2 வோல்ட் காணாமல் போய்விடும். 0.05 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பும்படி அளக்க முடியாது. 2 வோல்ட்டையோ எந்த மலிவு மீட்டரும் காட்டிவிடும். ஆகவே தடையை அளக்காமல், மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போது வழியில் தொலையும் வோல்ட்டை அளக்க வேண்டும்.

எர்த் பாதைக்கு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜின் உடலில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் செல்ஃபை அழுத்துங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் எர்த் வயர் சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள பெயிண்டையும் துருவையும் பளபளக்கும் வரை சுரண்டி மீண்டும் முடுக்குங்கள். பாசிட்டிவ் பாதைக்குப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒவ்வொரு இணைப்பாகத் தனித்தனியே அளந்து போனால் குற்றவாளி தானாகவே அகப்படும். சாவி சுவிட்ச், கில் சுவிட்ச் ஆகியவற்றுக்கும் இதே முறைதான்: உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் இடையே, விளக்கெல்லாம் எரியும் நிலையில், சாவிக்கொத்தை ஆட்டியபடி அளக்க வேண்டும். எண் நிலையாக நிற்காமல் துள்ளினால் சுவிட்சுக்குள் தேய்மானம் இருக்கிறது. எர்த், பாசிட்டிவ் சோதனைகள் இரண்டிலும் மீட்டரின் பேட்டரிப் பக்க முனையைப் பேட்டரியின் ஈய முனையிலேயே வைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வயர் வளையத்தின்மேல் வைத்தால், வளையத்துக்கும் முனைக்கும் இடையிலுள்ள பழுது கணக்கிலிருந்து தப்பிவிடும்.

ஐந்தாம் படி: கோளாறை வரவழைப்பது

முதல் படியில் எழுதிய குறிப்பு இங்கே வேலைக்கு வருகிறது. அசைவில் வரும் கோளாறென்றால் இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு ஹெட்லைட்டுக்குப் பின்னால், டேங்க்குக்கு அடியில், சீட்டுக்குக் கீழே, சைடு ஸ்டாண்டு அருகில் என்று ஒரு நேரத்தில் ஒரு கையகல இடத்தை மட்டும் ஆட்ட வேண்டும். வயரிங் முழுவதையும் பிடித்து உலுக்கினால் கோளாறு வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதிர்வில் வருவதென்றால் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ரிலே, ஃபியூஸ் பெட்டி, கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) ஆகியவற்றை மெல்லத் தட்டுங்கள். மழையில் வருவதென்றால் பாட்டிலால் பிளக் கேப், காயில், சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் தெளித்து, இடையில் ஓரிரு நிமிடம் காத்திருங்கள். இருட்டில் செய்தால் பிளக் வயரின் வெடிப்பிலிருந்து கசியும் பொறி நீலமாகக் கண்ணுக்கே தெரியும்.

ஹேண்டிலைத் திருப்பும் சோதனைக்கு ஏன் முதலிடம் என்பதை என் அனுபவத்தில் கற்றேன். என்னுடைய 150 சி.சி. வண்டி ஒரு மழைக்காலத்தில் திண்டிவனம் தாண்டியதும் அணைய ஆரம்பித்தது. மழை என்பதால் தண்ணீர்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிளக் கேப், காயில், சி.டி.ஐ. என்று மூன்று வாரத்தில் மூன்றும் மாறின. பிறகுதான் எழுதி வைத்த குறிப்பைப் படித்தேன்: ஐந்தில் நான்கு முறை, இடப்பக்கம் திரும்பும்போதோ வண்டியைத் தள்ளி நிறுத்தும்போதோ அணைந்திருக்கிறது. அன்றிரவு ஹெட்லைட்டைக் கழற்றி, ஹேண்டில் சேஸிஸில் சேரும் ஸ்டியரிங் தலைப்பைச் சுற்றிப் போகும் வயர்களை ஒவ்வொன்றாக இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். எல்லா வயர்களும் விறைப்பாக நிற்க, சாவி சுவிட்சிலிருந்து வரும் ஒன்று மட்டும் ரப்பர்போல நீண்டு கொடுத்தது. மேலுறையில் கீறல்கூட இல்லை. பிளேடால் உறையைப் பிளந்தபோது உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகள் களிம்பு பூத்துப் பச்சையாகக் கிடந்தன. ஹேண்டில் நேராக இருக்கும்போது இரு முனைகளும் முட்டிக்கொண்டு மின்சாரம் போயிருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் விலகியிருக்கிறது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படி இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் மெல்ல இழுக்க வேண்டும். நல்ல வயரைக் கப்ளரிலிருந்து பிடுங்கிவிடக் கூடாது.

வீட்டில் எவ்வளவு ஆட்டியும் வரவில்லையென்றால் சாலையில் பொறி வைக்கலாம். டெஸ்ட் லேம்பின் ஒரு வயரைச் சந்தேகத்துக்குரிய பாதையில், எடுத்துக்காட்டாகக் கில் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் வயரில், சிறிய ஃபியூஸ் வழியாக இணைத்து, மற்றதை எர்த்தில் சேர்த்து, பல்பை வண்டியின் ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் கண்ணுக்குப் படும்படி டேப் ஒட்டிக் கட்டுங்கள். ஓட்டும்போது இன்ஜின் அணையும் அதே கணத்தில் பல்பும் அணைந்தால் பழுது பல்புக்கு முன்னால் இருக்கிறது. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் பின்னால் இருக்கிறது. அடுத்த நாள் இணைப்பை நகர்த்தி, மிச்சப் பாதையை மீண்டும் பாதியாகப் பிரிக்கலாம். ஈ.சி.யூ. சென்சார் வயர்களில் மட்டும் இந்தப் பல்பை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அவை தாங்கும் மின்னோட்டம் அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

ஆறாம் படி: கப்ளர்கள்

கப்ளரைப் பிரிக்கும்போது அதன் பூட்டை அழுத்தி, பிளாஸ்டிக் உடலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். உள்ளே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பின்புறமாக நழுவிப்போன உலோகப் பின், வாய் அகன்றுபோன பெண் முனை, களிம்பு. நழுவிய பின்னை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வயரையும் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தால் தெரியும். அகன்ற முனையை நுண்ணிய ஊசியால் நெருக்கிவிடலாம். களிம்பைக் காண்டாக்ட் கிளீனரால் போக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சும் போய் அடுத்த மழைக்கே மீண்டும் பூக்கும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளிலும், வாட்டர் வாஷில் அழுத்தமான தண்ணீரை மீட்டர், சுவிட்சுகளின்மேல் நேராகப் பீய்ச்சிக் கழுவும் வண்டிகளிலும் இந்தப் பச்சையை அதிகம் பார்க்கலாம்.

பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கப்ளரைத் தனியாகப் பாருங்கள். அதிக மின்னோட்டம் போகும் இடம் என்பதால், ஒரு பின் சற்றே தளர்ந்தாலும் சூடேறி, பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகி, பிறகு உருகும். பழுப்பு நிறம் தெரிந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை. கப்ளரையே மாற்ற வேண்டும். இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரும் அதன் எர்த்தும், ஏறவே இல்லையென்றால் இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலும் சந்தேகத்துக்குரியவை. மூன்று மஞ்சள் வயர்கள் வரும் வண்டிகளில் கப்ளரைப் பிரித்து, இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட் அளந்தால் மூன்று அளவும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் நேரடியாக மேக்னட்டிலிருந்து எரிவதால், ஐடிலிங்கில் மங்குவது அவற்றின் இயல்பு. அதைக் கோளாறென்று துரத்த வேண்டாம்.

ஏழாம் படி: எப்போதாவது போகும் ஃபியூஸ்

இங்கே கோளாறு அறுந்த வயர் அன்று. உரசிப்போய் எங்கோ சேஸிஸைத் தொடும் வயர். பத்து ஃபியூஸ்களை வீணாக்காமல், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அந்த 21 வாட் பல்பையே தொடராக இணையுங்கள். அந்தப் பாதையின் விளக்குகளை அணைத்துவிட்டு வயர்களை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். பல்பு திடீரென்று முழு வெளிச்சத்தில் எரியும் இடத்தில்தான் உரசல் இருக்கிறது. பல்பே மின்னோட்டத்தை இரண்டு ஆம்பியருக்குள் அடக்கிவிடுவதால் எதுவும் எரிந்துபோகாது. டேங்க்கின் முன் முனை, சீட் தாங்கும் தகடு, பின் மட்கார்டு ஆகியவை வழக்கமான இடங்கள். கீழ்த்தளத்தில் நிறுத்தும் வண்டியென்றால் எலிப்பல் தடயத்தையும் தேடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ ஃபியூஸுக்குப் பதிலாகச் சுற்றுவது, வயரிங் முழுவதையும் ஃபியூஸாக மாற்றுவதாகும்.

எட்டாம் படி: சூடேறினால் வரும் கோளாறு

அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு சட்டென்று நின்று, ஆறியதும் கிளம்பினால், டேங்க் மூடியைப் பார்த்த பின் பல்சர் காயில், இக்னிஷன் காயில், சி.டி.ஐ. என்ற வரிசையில் போகலாம். ஒரு உபரி பிளக்கை வண்டியிலேயே வைத்திருந்து, நின்ற இடத்திலேயே, பெட்ரோல் வாடை இல்லாதபடி, அதைப் பிளக் கேப்பில் செருகி, அதன் உடலை இன்ஜினில் அழுந்தப் பொருத்திச் செல்ஃபை அழுத்திப் பொறியைப் பாருங்கள். நல்ல நீலப் பொறி வந்தால் தேடலைப் பெட்ரோல் பக்கம் திருப்ப வேண்டும்.

பல்சர் காயிலை ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே ஓம் அளவைக் கவனிக்கலாம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும்; 30 டிகிரியில் அளந்தது 80 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தால் அது இயற்கை. சீராக ஏறிக்கொண்டே வந்து திடீரென்று மின்னோட்டமே போகாத திறந்த சுற்றாகிவிட்டால், காயிலுக்குள் கம்பி பிரிகிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். சி.டி.ஐ.-யைச் சோதிக்க வீட்டில் வழியில்லை. மற்ற எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு, அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு நாளுக்குக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே சரி.

எஃப்.ஐ. வண்டிகளுக்கு ஒரு குறிப்பு

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புகை மாசு விதியான பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்த பின் பெரும்பாலான வண்டிகளில் எஃப்.ஐ. (ஈ.சி.யூ. கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்துவிட்டது. இவற்றில் ஈ.சி.யூ. தன் கண்ணில் பட்ட கோளாறைக் குறியீடாகச் சேமித்து வைக்கும். அதை எழுதிக்கொள்ளாமல் அழிக்கச் சொல்லாதீர்கள். வந்து வந்து போகும் கோளாறுக்கு ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம். குறியீடு ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால் சென்சார்தான் பழுது என்று பொருளில்லை. அதன் கப்ளரும் வயரும் அந்தக் குற்றச்சாட்டில் அடக்கம். வண்டி சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் தன் பிடிப்பில் தளர்ந்திருந்தால் மேடுபள்ளத்தில் அதுவே வண்டியை அணைக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் ‘சார்ஜ் ஆகிறதா’ என்று பார்க்கும் பழைய பழக்கம் இந்த வண்டிகளின் ஈ.சி.யூ.-வைக் கொன்றுவிடக்கூடும்.

ஒன்பதாம் படி: பழுது நீக்கி, மீண்டும் வரவழைக்க முயல்வது

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதம்தான் தாங்கும். சால்டரிங் செய்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்து, அதிர்வில் அந்த விறைப்பின் ஓரத்திலேயே மீண்டும் ஒடியும். அசையும் இடங்களில் உலோகக் குழலை அழுத்தி இறுக்கும் நல்ல கிரிம்ப் இணைப்பும் அதன்மேல் சூட்டில் சுருங்கும் உறையும்தான் நிலைக்கும். அதே பருமனுள்ள வயரைச் சேர்த்து, இணைப்பை வளையும் இடத்திலிருந்து தள்ளி அமைத்து, ஸ்டியரிங் தலைப்பில் இருபுறமும் முழுவதும் திருப்பினாலும் விறைக்காத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டேக்கை இறுக்கிக் கட்டினால் அடுத்த முறிவு அந்தக் கட்டின் ஓரத்தில்தான் வரும்.

பிறகு, ஐந்தாம் படியில் கோளாறை வரவழைத்த அதே செயலை அதே இடத்தில் ஐம்பது முறை செய்து பாருங்கள். நான் ஹேண்டிலை இருபக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்ததோடு, டெஸ்ட் லேம்பையும் இரண்டு வாரம் கழற்றவில்லை. பல்பு அணையாமல் இருக்க, இன்ஜின் மட்டும் மீண்டும் அணைந்தால், வண்டியில் இரண்டாவது பழுதொன்று இருக்கிறது என்று பொருள். சரிபார்த்து முடித்த பாதியை வயரிங் படத்தில் அடித்துவிட்டு, மிச்சப் பாதியோடு முதல் படிக்குத் திரும்ப வேண்டும்.